வெள்ளலூர் வேங்கை படப் பாட்டு

எங்கள் ஊரில் பாட்டு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு படம் இருந்தாக வேண்டும். படம் இல்லாத பாட்டை யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் அதைப் பாட்டு என்று ஒத்துக்கொண்டதில்லை. சாமி பாட்டுக்குச் சாமி படம் இருக்கிறது, தாலாட்டுக்குக்கூட எந்தக் கதாநாயகி எந்தப் படத்தில் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அழுதாள் என்று சொல்லத் தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள், அந்தப் பத்துப் பேருக்குள் அதில் சண்டையும் வரும். இப்பேர்ப்பட்ட கோயம்புத்தூரில்தான் மெர்லின் சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, சொந்தக் குரலில் பாடவும் கிளம்பினாள்.

மெர்லினும் நானும் நான்கு வருடம் ஒரே வகுப்பில் மெக்கானிக்கல் படித்தோம். படித்தோம் என்பதை மரியாதைக்குச் சொல்கிறேன். ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு என்று பிரித்து வைத்துவிட்டு, அதைக் காவல் காக்க மூன்று பேராசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்த கல்லூரி அது. கடைசி வருடப் புராஜெக்ட் என்பது காந்திபுரத்தில் ஒரு கடையில் விற்கும், சூரிய வெளிச்சத்தில் ஓடும் புல்வெட்டும் வண்டி, எங்களுக்கு முந்தைய ஆறு செட்டும் அதைத்தான் வாங்கி வைத்தார்கள், நாங்களும் அதையே வாங்கிப் பச்சைப் பெயின்ட் அடித்து வைத்தோம், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதைச் சுற்றி வந்து, "போன வருஷம் மஞ்சள்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டு எல்லோருக்கும் தொண்ணூற்றிரண்டு போட்டார். பிறகு ஒரு நாள் மத்தியானம் சரவணம்பட்டியிலிருந்து ஒரு கம்பெனியின் ஆட்கள் வந்து, லாரியில் செங்கல் ஏற்றுவதுபோல் நூற்று நாற்பது பேரை எண்ணி ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தச் செங்கல்களில் நானும் ஒன்று, என் பெயர் பூபதி.

மெர்லின் அந்த வரிசையில் நிற்கவில்லை. சிங்காநல்லூரில் மில் ஃபிட்டராக இருந்த அவள் அப்பாவிடம் ஒரு வருடம் கேட்டாள். ஒரு வருடத்துக்குள் பாட்டு அவளை எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்தால் சரி, இல்லாவிட்டால் மஸ்கட்டில் சித்தி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் பில் போடப் போக வேண்டும் என்று அவர் சொன்னார். அவள் சரி என்றாள். அவர் நல்ல மனிதர்தான். தன் மகள் பாடும் பாட்டெல்லாம் எந்தப் படம் என்று கடைசி வரைக்கும் அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

வேலையில் சேர்வதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, கணபதியில் ஒரு லேத் பட்டறையில் அவளுடைய குழு வாசித்தது. குழுவின் பெயர் 'உப்புத் தண்ணி'. கிடார் வாசிக்கிறவனின் அப்பாவுடையது அந்தப் பட்டறை, ஞாயிறு விடுமுறை என்பதால் கிடைத்தது. வந்தவர்கள் முப்பத்தோரு பேர், அதில் பத்தொன்பது பேர் டிரம்மரின் சொந்தக்காரர்கள், அவர்கள் எதற்கு வந்தோம் என்று தெரியாமலே வந்து, லேத்தின்மேல் பையை வைத்துவிட்டு, ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். மற்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்து, தங்கள் முகமும் பின்னால் கொஞ்சம் குழுவும் தெரிகிறதா என்று சரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இடது பக்க ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், செருப்பில் இரும்புத் தூள் ஒட்டிக்கொள்ள நின்றேன்.

இதை மட்டும் நக்கல் இல்லாமல் சொல்கிறேன்: நன்றாக இருந்தது. நான்கு வருடத்தில் எவனும் எனக்குக் கற்றுத் தராத ஏதோ ஒன்று அந்தப் பட்டறையில் கூலன்ட் நாற்றத்துக்கு நடுவில் நடந்தது, டிரம்மின் அடி என் நெஞ்சுக்கூட்டுக்குள் விழுந்தது, மெர்லின் கண்ணை மூடாமல், கையை ஆட்டாமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் சண்டைக்கு நிற்பவள்போல் நின்று 'ஒம்பதாம் நாள்' என்ற பாட்டைப் பாடினாள். குழாயில் நல்ல தண்ணி ஒன்பது நாளைக்கு ஒரு தடவை வரும் எங்கள் ஊரைப் பற்றிய பாட்டு அது. 'ஒம்பது நாளா குடம் காயுது, ஒனக்கும் எனக்கும் தொண்டை காயுது' என்று போகும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் யாரும் பார்க்கவில்லை.

பாட்டு எல்லோருக்கும் முடிந்தது, எனக்கு முடியவில்லை. என் வலது காதுக்குள் போனது அங்கேயே தங்கி, நான்கு நிமிடம் பாடி, மூச்சு விட்டு, மறுபடி தொடங்கியது. மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தபோது அது வெளியிலும் கேட்க ஆரம்பித்திருந்தது, சலூனில் மூலையில் வைத்த ரேடியோ அளவுக்கு, இரண்டு கை தூரத்தில் நிற்பவருக்குத் தெளிவாக.

பஸ்ஸில் கண்டக்டர் சொன்னார்: "தம்பி, போன் சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க."

"போன் இல்லீங்க, காதுங்க."

"அப்புடிங்களா?" என்று குனிந்து காதை வைத்துக் கேட்டார். அவர் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, காது என்றால் ஏதாவது கேட்கத்தானே செய்யும். "எந்தப் படமுங்க இது?"

"படம் இல்லீங்க. என் ஃப்ரெண்டு சொந்தமா எழுதுனது."

டிக்கெட் எடுக்காதவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் சாப்பிடும் மெஸ்ஸை நடத்தும் ராக்கியண்ணன் இன்னும் ஒரு படி மேலே போனார். இட்லித் தட்டோடு வந்து என் காதருகே நின்று முழுப் பாட்டையும் கேட்டார், தலையை ஆட்டி ரசித்தார், ரசித்த வாயாலேயே, "படமே இல்லாம எதுக்குப் பாட்டுப் பாடோணும்?" என்று கேட்டார். பசிக்காதவன் எதற்கு இட்லி தின்ன வேண்டும் என்று கேட்பதுபோல் நியாயமாகத்தான் கேட்டார்.

அன்று காலை பத்து மணிக்குக் கம்பெனியில் நூற்று நாற்பது பேரையும் குளிரும் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து, எங்கள் ஒரிஜினல் மார்க் ஷீட்டுகளை வாங்கி இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, இனி நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார்கள். ஹெச்.ஆர். பத்மஜா மேடம் ஒவ்வொருவரையும் எழுப்பிப் பெயர், பொழுதுபோக்கு, கனவு மூன்றும் சொல்லச் சொன்னார். நூற்று நாற்பது பேருக்கும் பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, கனவு இந்தக் கம்பெனியில் சேர்வது. என் முறை வந்தபோது மேடம் என் அருகில் வந்து, தலையைச் சாய்த்து, சிரித்தார்.

"பூபதி, உங்க காதுல பாட்டு வருது. சூப்பர்! எந்தப் படம்?"

நூற்று முப்பத்தொன்பது முகங்கள் என் பக்கம் திரும்பின. உண்மையைச் சொல்ல நான்கு வாக்கியம் வேண்டும். என் சிநேகிதி மெர்லின், 'உப்புத் தண்ணி' என்று ஒரு குழு, அவர்களுடைய சொந்தப் பாட்டு, படம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் என்னைப் பார்க்கப்போகும் பார்வையைக் கண்டக்டரிடமும் ராக்கியண்ணனிடமும் ஏற்கெனவே பார்த்தாயிற்று. வேலையில் சேர்ந்த முதல் நாளே கிறுக்கன் என்று பெயர் வாங்க எனக்குத் தைரியம் இல்லை. எங்கள் ஊர்க் குப்பையெல்லாம் போய்ச் சேரும் வெள்ளலூர் ஏனோ வாயில் வந்தது.

"'வெள்ளலூர் வேங்கை', மேடம்."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். குப்பைக் கிடங்கின் பெயரில் ஒரு புலியைச் சொல்லியிருக்கிறேன், யாராவது ஒருவர் சிரித்திருக்க வேண்டாமா.

"ஓ, அந்தப் படமா!" என்றார் மேடம். "செகண்ட் ஹாஃப் கொஞ்சம் இழுவை, இல்ல?"

மண்டபம் முழுவதும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. பின் வரிசையிலிருந்து ஒருவன், இன்டர்வல் பிளாக்குக்காக மட்டும் இரண்டு தடவை பார்த்ததாகச் சொன்னான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் படத்துக்கு ஒரு வில்லன் கிடைத்தான், மாலைக்குள் அவனுக்கு ஒரு கண் போயிருந்தது.

அன்று சாயங்காலம் மெர்லின் மெஸ்ஸுக்கு வந்தாள். தன் காதை என் காதோடு ஒட்டி வைத்து நான்கு நிமிடம் அசையாமல் கேட்டாள், அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது, அவள் சிரிப்பது காது மடலிலேயே தெரிந்தது. "போன்ல எடுத்த எல்லாமே கொறகொறங்குதுடா. இதுல எங்குரல் எவ்ளோ நல்லாருக்கு பாரு," என்றாள். காலையில் நடந்ததை நான் சொல்லவில்லை. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன், அந்த மறுநாளும் மற்ற மறுநாள்களைப்போல் போயிற்று.

அமெரிக்காவில் யாரோ ஒரு கிழவருக்குக் கீழ்த்தாடையில் இடது பக்கக் கடைவாய்ப் பல் ஆடுகிறது, அந்தப் பல்லுக்குக் காப்பீடு உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. எந்திரங்களைப் பற்றி நான்கு வருடம் படித்ததற்குக் கிடைத்த பலன் அது. ஒரு நாளைக்கு இருநூறு பல் பார்த்தேன். என் காதைக் கம்பெனி நன்றாகவே ஏற்றுக்கொண்டது. முதலில் என்னைப் பேன்ட்ரி பக்கம் நகர்த்தி உட்கார வைத்தார்கள், அமெரிக்காக்காரன் ஒருவன் போனில் காத்திருக்கும்போது வரும் இசை அருமை என்று சொன்ன பிறகு நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள், யார் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினாலும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போவதைவிட நான் நடந்து போவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் என்று எனக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை கொடுத்தார்கள், காதுக்குக் கொடுத்தார்கள் என்று சொல்வதுதான் சரி.

ஊரும் சும்மா இருக்கவில்லை. என் காதருகே நின்று கேட்டவர்கள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனார்கள், அவர்களிடமிருந்து ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போயிற்று, ஸ்டாண்டிலிருந்து கல்யாண மண்டபங்களுக்குப் போயிற்று, பாட்டு போன இடமெல்லாம் படமும் கூடவே போயிற்று. எந்தத் தியேட்டரில் பார்த்தோம், யாரோடு பார்த்தோம், பக்கத்தில் யார் அழுதார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. கதாநாயகன் யார் என்பதில் மட்டும் ஒற்றுமை இல்லை, அவரவருக்குப் பிடித்தவரை அவரவர் பார்த்திருந்தார்கள், அதற்காக உக்கடத்தில் இரண்டு ரசிகர் மன்றங்கள் அடித்துக்கொண்டன. பீளமேட்டில் ஒரு குழந்தைக்கு வேங்கை என்று பெயர் வைத்தார்கள். காங்கேயத்திலிருந்து என் அம்மா பொங்கலன்று போன் செய்து டிவியில் பார்த்ததாகச் சொன்னாள்.

"அந்தத் தங்கச்சிப் புள்ள சாகறதப் பாக்க முடியல சாமி. உங்கப்பாவே கண்ணத் தொடச்சிக்கிட்டாரு."

"அப்புடி ஒரு படமே இல்லம்மா."

"நீ எங்க பாத்த, ஆபீஸ் ஆபீஸுன்னு கெடக்கற," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

இவர்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன், மனசுக்குள். ஒரு பாட்டைப் பாட்டாகக் கேட்கத் துப்பில்லாத ஜனம், கையில் தங்கத்தைக் கொடுத்தாலும் எந்தக் கடை என்று கேட்கிற ஜனம் என்று ஒவ்வொரு நாளும் திட்டினேன். கண்டக்டரும் ராக்கியண்ணனும் மேடமும் என் அம்மாவும் தெரியாமல் செய்தார்கள், தெரிந்து செய்தவன் ஊரிலேயே நான் ஒருவன்தான், அந்த ஒருவனைத் திட்டுவதற்கு மட்டும் எனக்கு ஏனோ நேரம் கிடைக்கவில்லை.

மெர்லினுக்கு முதலில் சந்தோஷம். "ஊரே எம்பாட்ட முணுமுணுக்குதுடா!" என்று போனில் கத்தினாள். பிறகு ஒரு கல்யாணத்தில் மேடைக் கச்சேரிக்காரர், அடுத்து வெள்ளலூர் வேங்கை படத்திலிருந்து என்று அறிவித்துவிட்டு அதே பாட்டைப் பாடியிருக்கிறார். அவள் மேடைக்குப் போய் அது தன் பாட்டு என்று சொன்னதற்கு, "சின்னப் புள்ளைக எல்லாருக்கும் அப்புடித்தானுங்க தோணும், அவ்வளவு நல்ல பாட்டு," என்று தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"எவன்டா இதக் கெளப்பிவிட்டது?" என்று என்னிடம் கேட்டாள்.

"தெரியலையே," என்றேன்.

அப்பா கொடுத்த வருடம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. படத்துக்கு வெளியே பாட்டு எழுதுகிறவர்களின் பாட்டுகளை மட்டும் பதிவு செய்து வெளியிடும் ஒருவர் சென்னையிலிருந்து வருகிறார், எங்கள் பழைய கல்லூரியின் கலைவிழாவில் 'உப்புத் தண்ணி' வாசிக்கலாம், அவருக்குப் பிடித்துவிட்டால் நான்கு பாட்டுகள் பதிவாகும். பதிவானால் மஸ்கட் வேண்டாம் என்று அவள் அப்பாவே சொல்லிவிட்டார். சென்னைக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று, பாட்டு சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும்.

சாயங்காலம் நான்கு மணிக்குக் கல்லூரி மைதானத்தில் இரண்டாயிரம் பேர் இருந்தார்கள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் கயிறு கட்டியிருந்தது. விழாவுக்கு எங்கள் கம்பெனிதான் பந்தல் போட்டுக் கொடுத்தது, அதனால் பத்மஜா மேடம் முன்வரிசையில் சென்னைக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெர்லின் முதல் மூன்று பாட்டுகளைப் பாடினாள். மூன்றும் புதியவை, மூன்றும் நன்றாக இருந்தன, மூன்றையும் கூட்டம் பஜ்ஜி தின்றுகொண்டு பொறுத்துக்கொண்டது. சென்னைக்காரர் மட்டும் முழங்காலில் தாளம் போட்டார், அதை நான் பார்த்தேன்.

நான்காவதாக 'ஒம்பதாம் நாள்' தொடங்கியதும் இரண்டாயிரம் பேரும் எழுந்தார்கள். வேங்கை வேங்கை என்று கத்தினார்கள், விசிலடித்தார்கள், காகிதத்தைக் கிழித்து எறிந்தார்கள், கயிறு அறுந்தது. அவள் "குடம் காயுது" என்று பாடியபோது அவர்கள் "மனம் காயுது" என்று பாடினார்கள், இரண்டாயிரம் தொண்டைக்கு முன்னால் ஒரு தொண்டை என்ன செய்யும். சென்னைக்காரர் எழுந்து மேடையோரம் வந்து, பாட்டு முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்து, பிறகு சொன்னார்:

"படப் பாட்டு கூடாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தேனே, ம்மா."

"சார், இது எம்பாட்டு. நான் எழுதுனது."

"நான் ரெண்டு தடவை பார்த்த படம்மா," என்றார் வருத்தத்தோடு.

அப்போதுதான் நான் மேடைக்கு ஓடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் கூப்பிடாமல் ஓர் இடத்துக்குப் போனேன், மெர்லினுக்கு முன்னால் இருந்த மைக்கைப் பிடித்து, "அப்படி ஒரு படமே கெடையாது," என்றேன். "வேலைல சேர்ந்த அன்னிக்கு எந்தப் படம்னு கேட்டாங்க, நான்தான் வாய்க்கு வந்த பேரச் சொன்னேன். வெள்ளலூர் வேங்கைன்னு எவனும் படம் எடுக்கல. இது மெர்லின் எழுதுன பாட்டு."

மெர்லின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது. கூட்டம் சிரித்தது, கோபப்பட்ட சிரிப்பு இல்லை, பாவம் என்று நினைத்துச் சிரித்த சிரிப்பு. பத்மஜா மேடம் எழுந்து நின்று, "பூபதி, உங்களுக்கு லீவு வேணும்னா என்கிட்டக் கேளுங்க," என்றார்.

"எங்கிட்ட ஆதாரம் இருக்கு," என்றேன். "அன்னிக்குப் பட்டறையில அவ பாடுனது அப்படியே எங்காதுல ஓடிட்டு இருக்கு. அவ குரல்தான். மைக்க வெச்சுக் கேளுங்க சார்."

சென்னைக்காரர் யோசித்தார். "சரி, கேட்போம்," என்றார். நியாயமான மனிதர்.

மெர்லினே மைக்கை எடுத்தாள். என்மேல் அவளுக்கு இருந்த கோபத்தைவிட அந்த நேரத்தில் அவளுக்கு இருந்த ஆசை பெரிதாக இருந்தது, மைக்கை என் வலது காதருகே கொண்டுவந்து பிடித்தாள். மைதானத்தின் எட்டு ஸ்பீக்கர்களிலும் என் காது ஒலித்தது. முதலில் நாற்பது வயலின்கள் வந்தன. பிறகு புல்லாங்குழல். பிறகு தேன் தடவிய குரலில் ஓர் ஆண், நிதானமாக, ஒம்பது நாளா மனம் காயுது என்று பாடினார், பின்னால் பெண்கள் லாலலா என்று இழைத்தார்கள், சரணத்துக்கு முன்னால் கதாநாயகன் விசிலடித்தான்.

மைதானம் ஆடியது. சென்னைக்காரர்கூடத் தன்னை மறந்து தலையை ஆட்டினார்.

மெர்லின் என் மற்ற காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"நீ கடைசியா எப்படா இதக் கேட்ட?"

யோசித்துப் பார்த்தேன். இருநூறு பல், கேக், கண்ணாடிக் கோப்பை எல்லாம் ஞாபகம் வந்தன. உட்கார்ந்து கேட்ட ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லை.

பாட்டு முடிந்ததும் அவள் மைக்கை விலக்கப் போனாள். ஒன்ஸ்மோர் என்று கூட்டம் கத்தியது, பத்மஜா மேடமும் கத்தினார், கயிற்றைக் காத்த பேராசிரியர்களும் கத்தினார்கள். என் காதில் வயலின்கள் மறுபடி தொடங்கின. மெர்லின் கையை இறக்கவில்லை, மைக்கை என் காதருகே பிடித்தபடியே பாட்டு முழுவதும் நின்றாள்.